பேர்னாட் வீட்டுப் படங்கள்

"அந்தப் பெட்டிப் படத்தைக் கொஞ்சம் காட்டு மகள்" என்று சொல்லி டோரின் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரும் வரைக்கும் பிறிஜெற்றுக்கு அந்த வெள்ளிக்கிழமை நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

டோரினின் கணவர் பேர்னாட் இறந்து அன்றோடு இருபத்து மூன்று நாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். செத்த வீட்டுக்குப் படம் பிடித்தது பிறிஜெற் வேலை செய்யும் ஸ்ரூடியோதான். கொட்டாஞ்சேனையில் பிறந்தநாளுக்குப் படக்காரனைக் கூப்பிடாமல் விட்டாலும் விடுவார்கள், செத்த வீட்டுக்குக் கூப்பிடாமல் விடமாட்டார்கள். பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பம் முழுவதும் அதைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்தாக வேண்டும். அதுதான் பெட்டிப் படம். சிரிக்கவும் கூடாது, கண் வீங்க அழவும் கூடாது, எல்லோரும் கமெராவைப் பார்க்க வேண்டும். இறந்தவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம்.

"முப்பத்தோராம் நாள் பூசைக்கு முதல் அதைப் பெரிசாக்கித் தா" என்றார் டோரின். "வாசலுக்கு நேரே மாட்டப்போறன். உள்ள வாற ஆக்களுக்கு முதல் அதுதான் கண்ணில படோணும்."

"இருபதுக்கு முப்பது அங்குலம் போடவா அன்ரி?"

"அதைவிடப் பெரிசு இருந்தா அதைப் போடு."

ஏன் இவ்வளவு பெரிதாக என்று பிறிஜெற் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை, அந்த ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரிந்த கதை அது. டோரினுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் கொன்ஸ்ரன்ரைன் வத்தளையில் இருக்கிறான். இளையவன் டிலான் தாயோடு இருக்கிறான், கொன்ரெய்னர் லொறி ஓட்டுகிறான். வீட்டின் மேல்மாடி யாருக்கு என்று ஒருநாள் வாய்த்தர்க்கம் வந்தது. அதோடு பதினொரு வருடம் ஒருவன் முகத்தில் ஒருவன் விழிக்கவில்லை. பெட்டிப் படத்துக்கு நிற்கும்போது டோரின் இருவருடைய கையையும் பிடித்து இழுத்து, பெட்டியின் விளிம்பில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அமர்த்தினார். ஸ்ரூடியோப் படக்காரன் மெல்ரோய் படத்தை எடுத்தான். எடுத்த கையோடு அவர்களுடைய கைகளும் விலகின. அடக்கத்துக்குச் சேமக்காலைக்கு இருவரும் வேறு வேறு வாகனத்தில்தான் போனார்கள்.

"மூத்தவன் வாறானாம்" என்றார் டோரின். "பூசைக்கு இல்லை. வீட்டுக்கு. அஞ்சு நிமிஷம் நிண்டிட்டுப் போறானாம். அந்த அஞ்சு நிமிஷத்தில ரெண்டு பேரும் அதைப் பார்க்கோணும் மகள். எனக்கு வேற வழி தெரியேல்லை."

பிறிஜெற் பேர்னாட் வீட்டு ஃபோல்டரைத் திறந்து படத்தைத் திரையில் விட்டாள். டோரின் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தார். கைமேல் கை இருந்தது. பேர்னாட் சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு அமைதியாகக் கிடந்தார். ஓரத்தில் தெரிந்த பிளாஸ்டிக் கதிரையை வெட்டிவிடலாம் என்று நினைத்து பிறிஜெற் படத்தை இழுத்துப் பெரிதாக்கினாள்.

முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன.

இன்னும் ஒருமுறை இழுத்தாள். டோரினின் மூக்கு இருந்த இடத்தில் நாலு பழுப்புச் சதுரங்கள். படத்தின் அளவைப் பார்த்தாள். மெல்ரோயின் கமெராவில் எடுத்த படம் ஒவ்வொன்றும் ஆறாயிரம் புள்ளி அகலம் இருக்கும். இது ஆயிரத்து இருபத்து நாலு. அடுத்த படம், அதற்கடுத்தது, கடைசி வரைக்கும் முந்நூற்றுப் பதினெட்டுப் படமும் ஆயிரத்து இருபத்து நாலு.

பெட்டிப் படத்தைப் பழையபடி சுருக்கி வைத்தாள்.

"என்ன மகள், வடிவா வருமா?"

"ஓம் அன்ரி" என்றாள் பிறிஜெற். அந்த ஓமை எந்த வாய் சொன்னது என்று பிற்பாடு பலமுறை யோசித்தாள். அவளுடைய வாய்தான்.

டோரின் போன பிறகு கதவுக்குப் பின்னால் போய் நின்று, செத்த வீடு நடந்த அந்தப் பின்னேரத்தை ஒவ்வொரு நிமிடமாக மனதில் ஓட்டிப் பார்த்தாள். இரண்டரை மணிக்கு மெல்ரோய் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான், சேர்ட் முழுக்க வேர்வை. மூன்றரைக்குப் பெட்டி எடுக்கிறார்கள், லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கிற சொந்தக்காரர் முகம் பார்க்க வேண்டும் என்று போன்மேல் போன் போடுகிறார்கள், அதற்கு முன்னால் படம் வாட்ஸ்அப்பில் போக வேண்டும் என்றான். கொண்டுவந்த கமெரா கார்ட்டை வெறுமையாக்கித் தா அக்கா, சேமக்காலைக்கு அதுதான் வேணும் என்றான்.

அவசரத்தில் அவள் கார்ட்டிலிருந்து படங்களை நகல் எடுக்கவில்லை. வெட்டி எடுத்துக் கணினியில் ஒட்டினாள். கார்ட் வெறுமையானது, மெல்ரோய் வாங்கிக்கொண்டு ஓடினான். வழமையாக அந்த ஃபோல்டருக்கு இன்னொரு நகல் எடுத்து, அந்த நகலைத்தான் சின்னதாக்குவாள். அன்று அதற்கும் நேரம் இல்லை. சின்னதாக்கும் மென்பொருளை நேரே அசலின் மேல் ஏவினாள். ஒரு காலத்தில் ஒவ்வொரு படமாகத் திறந்து, அளவு கொடுத்து, மூடி, விரல் வலிக்கச் செய்த வேலை அது. அந்த மென்பொருளைத் தேடிப் பிடித்து, முந்நூறு படத்தையும் ஒரே அமுக்கில் சின்னதாக்கலாம் என்று கண்டுபிடித்தவள் அவள்தான், அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பழைய படங்களின் மேலேயே எழுதவா என்று அது மரியாதையாகக் கேட்டது. கேட்டதை வாசிக்காமலே ஆம் என்று அமுக்கினாள். நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. லண்டனிலிருந்து ஒருத்தி அழுதுகொண்டே நன்றி சொல்லிக் குரல் அனுப்பியிருந்தாள்.

போன் திரைக்கு அந்த அளவு போதும். தபால் அட்டை அளவுக்கு அச்சடிக்கவும் போதும். இருபதுக்கு முப்பதுக்குப் போட்டால் சுவரில் முகம் இருக்காது, நிறப்புள்ளிகள்தான் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் படம் முழுவதும் இப்படித்தான் அழிந்துபோனது. முதலாளி யோகராஜ் மாப்பிள்ளை பொம்பிளையைத் திரும்ப உடுத்திக்கொண்டு வரச் சொல்லி, மண்டபத்தையும் ஒரு மணித்தியாலத்துக்குப் பிடித்து, இரண்டாம் முறை மோதிரம் மாற்ற வைத்துச் சமாளித்தார். பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். செத்த வீட்டுக்கு யாரைத் திரும்ப உடுத்திக்கொண்டு வரச் சொல்வது?

அதற்கும் மேலே டிலான். செத்த வீட்டன்று மலர்வளையத்தில் தகப்பனின் பெயரைப் பிழையாக எழுதிக் கொண்டுவந்த பூக்கடைக்காரனை அவன் ஓங்கி ஒரு அறை அறைந்ததை ஒழுங்கையே பார்த்தது. ஒரு எழுத்துக்கு அது. இதற்கு என்ன செய்வான்?

யோகராஜிடம் அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லப் போனாள். அவர் வாசலில் நின்று யாருடனோ, "எங்கட பிறிஜெற் இருக்கும் வரைக்கும் ஒரு படம் துலையாது" என்று போனில் பெருமையடித்துக்கொண்டிருந்தார். பாவி மனுஷன் நேரம் பார்த்துத்தான் பெருமையடிப்பார். அவள் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை மெல்ரோயிடம் கார்ட்டை வாங்கினாள். "ஃபோர்மட் பண்ணித் தாறன்" என்று ஒரு பொய். அழிந்த படத்தைத் தோண்டி எடுக்கும் மென்பொருள் ஒன்றை அதன்மேல் ஓடவிட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சேமக்காலை, அதற்குப் பிறகு ஒரு கல்யாணம், இரண்டு ஞானஸ்நானம் எல்லாம் அந்தக் கார்ட்டின் மேல் ஏறி இறங்கியிருந்தன. வந்தது யாரோ ஒரு பொம்பிளையின் மருதாணிக் கை. ஒரு கேக். தண்ணீர் விழுந்து வீரிட்டு அழும் குழந்தை. பேர்னாட் வீட்டிலிருந்து ஒன்றே ஒன்று வந்தது: பெட்டியின் தலைமாட்டில் எரிந்த மெழுகுதிரியும் ஒரு கோட்டுத் தோளும், அதற்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம். மனுஷனை இரண்டாம் முறை புதைத்தது நான்தான் என்று தோன்றியது.

புதன்கிழமை டோரினிடமிருந்து போன் வந்தது. "மகள், சுவரில ஆணி அடிச்சாச்சு. டிலானே அடிச்சவன்."

அன்று மத்தியானம் யோகராஜ் சாப்பிடப் போன நேரம் பார்த்து பிறிஜெற் அந்தக் காரியத்தைச் செய்தாள். மங்கிப்போன சின்னப் படத்தைத் தானாகவே பெரிதாக்கித் தெளிவாக்கித் தரும் என்று போனில் ஓயாமல் விளம்பரம் வரும் இணையத்தளம் ஒன்று இருந்தது. பெட்டிப் படத்தை அதில் ஏற்றினாள். வருவது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அது கேட்டதற்கு, கை பழகிய இடத்தைக் கொடுத்தாள்: 'அச்சுக்கு' என்று பெயர் வைத்த ஃபோல்டர். ஒரு வட்டம் சுற்றியது. அவளும் மனதுக்குள் ஒரு அருள்நிறை மரியே சொல்லத் தொடங்கினாள். செபம் முடியவில்லை, படம் வந்துவிட்டது.

உயிர் போய் உயிர் வந்தது அவளுக்கு. என்ன தெளிவு! கோட்டின் நூல் தெரிந்தது. ரோசாப்பூவின் இதழ் ஓரம் தெரிந்தது. பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், ஒரு கட்டமும் உடையவில்லை. வாய்விட்டுச் சிரித்தே விட்டாள்.

பிறகுதான் முகங்களைப் பார்த்தாள்.

டிலானின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. அது இல்லை. கொன்ஸ்ரன்ரைன் அழகாக இருந்தான், அவன் அவ்வளவு அழகில்லை. டோரினுக்கு இருபது வயது குறைந்திருந்தது. சின்னப் படத்தில் முகங்கள் எல்லாம் நகக்கண் அளவுதான். அதில் இல்லாததை இந்த மெஷின் தன் எண்ணத்துக்குப் போட்டு நிரப்பியிருக்கிறது என்று அவளுக்கு மெதுவாக விளங்கியது. படத்தைக் கீழே நகர்த்தினாள்.

பேர்னாட் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முழுவதும் திறக்கவில்லை. தூக்கத்தில் யாரோ கூப்பிட்டதும் திறப்பார்களே, அந்த அளவுக்கு. இமைக்குக் கீழே ஈரமாக, கறுப்பாக, உயிரோடு ஒரு பார்வை. மூக்கில் பஞ்சு வைத்து, கையில் செபமாலை சுற்றி, பெட்டிக்குள் கிடந்த மனிதர் அவளையே பார்த்தார்.

பிறிஜெற் கதிரையோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டினாள். சிலுவை அடையாளம் போடக் கை எழும்பவில்லை. பட்டப்பகல், வெளியே பஸ் ஹோர்ன் அடிக்கிறது, எதிர்க் கடையில் கொத்து ரொட்டி வெட்டுகிறார்கள், ஆனாலும் அந்த அறையில் தன்னோடு இன்னொருவர் இருப்பதாக அவளுக்குப் பட்டது. ஒரு மெஷின் பிழையாகப் போட்ட கண் அது என்று தெரியும். தெரிந்து என்ன பயன், உடம்பு கேட்க வேண்டுமே.

அழித்துவிடத்தான் நினைத்தாள். அழிக்கவா என்று கணினி கேட்டது. ஏற்கெனவே ஒருமுறை கேட்டதற்கு ஆம் என்று அமுக்கி வாங்கிக்கட்டிய விரல் இந்த முறை அசையவில்லை. நாளைக்கு வந்து அந்தக் கண்ணைக் கையால் மூடிப் பார்க்கலாம், அது சரிவராவிட்டால் யோகராஜிடம் சொல்லலாம் என்று கணினியை அப்படியே மூடிவிட்டு, தலையிடி என்று சொல்லி வீட்டுக்குப் போனாள். அடுத்த நாள் வியாழக்கிழமை. அந்தக் கண்ணை மறுபடியும் பார்க்க வேண்டுமே என்ற பயத்தில் அன்றும் போகவில்லை. வெள்ளிக்கிழமை போயா விடுமுறை, கடை பூட்டு.

சனிக்கிழமை, முப்பத்தோராம் நாள், கடை திறக்கிற நேரத்துக்கே போய்விட்டாள். யோகராஜ் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உங்களிட்ட ஒரு விஷயம் சொல்லோணும். பேர்னாட் அங்கிள் வீட்டுப் படம்…"

"அது குடுத்தாச்சே!" என்றார் யோகராஜ்.

"குடுத்தாச்சோ?"

"வியாழக்கிழமை வழமையா அனுப்பிறதுதானே. நீ சொல்லித்தந்த மாதிரி அந்தப் பட்டனை ஒரு தட்டுத் தட்டினன், 'அச்சுக்கு' எண்டதில இருந்த எல்லாம் அச்சடிக்க வெள்ளவத்தை லாபுக்குப் போயிட்டுது. ஃபிரேம்காரன் நேற்றே நேரா அவையின்ர வீட்டில குடுத்திட்டானாம். நீ வருத்தமெண்டு கிடந்தாலும் இஞ்ச வேலை நடக்குது பார்."

"நீங்கள் படத்தைப் பார்த்தனீங்களோ?"

"நான் எங்க பார்த்தன்? ஏன், நிறம் கூடிப்போச்சோ?"

ஆம், அந்தப் பட்டனையும் அவள்தான் செய்து வைத்திருந்தாள். அவருக்கு ஒவ்வொரு படமாக அனுப்பத் தெரியாது என்று, இருக்கிற எல்லாவற்றையும் தானாகவே அனுப்பும்படி. தெருவில் இறங்கி நடந்தாள். நடந்தாளா ஓடினாளா என்று அவளுக்கே தெரியாது.

டோரின் வீட்டு ஒழுங்கை முனையிலேயே செருப்புகள் தெரிந்தன. ஒரு முப்பத்தோராம் நாளுக்கு அவ்வளவு செருப்பு வராது. வாசலில் சனம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து செபமாலைச் சத்தம். ஒரு பெண் வெளியே வந்து தன் கழுத்துச் சங்கிலியின் சிலுவையை முத்தமிட்டாள்.

"என்ன நடந்தது?" என்றாள் பிறிஜெற்.

"தெரியாதோ? பேர்னாட் அண்ணன் கண்ணைத் திறந்திட்டார்! பெட்டிக்குள்ள நாங்கள் எல்லாரும் பார்த்தனாங்கள்தானே, மூடித்தானே இருந்தது? படத்தில திறந்திருக்கிறார். ஃபாதருக்கு ஆள் அனுப்பியிருக்கு."

கொட்டாஞ்சேனை இது. மழைக்கசிவில் சுவரில் ஒரு உருவம் தெரிந்தாலே பூமாலை வரும் ஊர். இனி இதைப் பிழை என்று யார் சொல்வது, யாரிடம் சொல்வது, சொன்ன பிறகு வாசல் தாண்டி வெளியே வர விடுவார்களா? திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் ஒரு பெரிய கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

டிலான்.

"நீங்கள் ஸ்ரூடியோ அக்காதானே?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அறை விழப்போகிறது என்று கன்னம் தானாகவே இறுகியது.

"வாங்கோ அக்கா, உள்ளுக்கு வாங்கோ. எல்லாரும் விலகுங்கோ, படம் செய்த அக்கா வாறா."

அவன் அழுதுகொண்டிருந்தான். தழும்பு விழுந்த அந்தப் புருவம் துடித்தது. சனத்தைத் தள்ளிக்கொண்டு அவளைப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். சுவரில் அது அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. பேர்னாட் அல்லாத பேர்னாட் மேலேயிருந்து பார்த்தார். கீழே கொன்ஸ்ரன்ரைன் தரையில் முழங்காலில் இருந்தான். ஐந்து நிமிடத்துக்கு வந்தவனின் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் ஒரு மூலையில் கிடந்தது.

"என்னைத்தான் பார்க்கிறார்" என்றான் டிலான்.

"உன்னையில்லை" என்றான் கொன்ஸ்ரன்ரைன், தலையைத் திருப்பாமல். "நான் இஞ்ச இருக்கேக்க இஞ்சதான் பார்க்கிறார்."

"இஞ்ச வந்து நிண்டு பார்."

கொன்ஸ்ரன்ரைன் எழுந்து தம்பி நின்ற இடத்துக்கு வந்து நின்று பார்த்தான். பிறகு டிலான் அண்ணன் இருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தான். பதினொரு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் கதை அதுதான். பிறிஜெற் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மகிழ்ச்சி ஒரு துளியும் வரவில்லை. உண்மை தெரிந்த அன்றைக்கு இந்த இரண்டு பேரும் சேர்ந்தே தன்னிடம் வருவார்கள் என்றுதான் தோன்றியது.

"மகள்" என்று குசினிப் பக்கத்திலிருந்து டோரின் கூப்பிட்டார். "இஞ்ச வா."

குசினியில் மஞ்சள் சோறும் கோழிக்கறியும் கத்தரிக்காய் மோஜுவும் மூடி வைத்திருந்தது. டோரின் கதவைச் சாத்தினார். பிறிஜெற் சொல்லத் தொடங்கினாள்; கார்ட், அவசரம், ஆம் என்று அமுக்கியது, வட்டம் சுற்றியது எல்லாம் தலைகால் இல்லாமல் வந்தது. அழுகையும் வந்தது. "அது அங்கிளின்ர கண் இல்லை அன்ரி. அற்புதம் ஒண்டும் இல்லை. நான்தான் எல்லாத்தையும் பழுதாக்கினனான்."



"எனக்குத் தெரியும்" என்றார் டோரின்.

பிறிஜெற் நிமிர்ந்து பார்த்தாள்.

"நேற்றுப் பின்னேரம் ஃபிரேமைப் பிரிச்ச உடனயே தெரியும். சனம் கண்ணைப் பார்த்துது. நான் கையைப் பார்த்தனான். அதில டிலானுக்கு ஆறு விரல். நான் பெத்த பிள்ளைக்கு எத்தினை விரல் எண்டு எனக்குத் தெரியாதோ?" டோரின் குரலைத் தாழ்த்தினார். "அந்த மனுஷனோட நாப்பத்திரண்டு வருஷம் படுத்தெழும்பினனான். ராத்திரி முழுக்க அதுக்கு முன்னால இருந்து யோசிச்சனான். ஆர் மகள் அது? ஆரை என்ர வீட்டுச் சுவரில மாட்டி வைச்சிருக்கிறன்?"

அப்போதுதான் பிறிஜெற் கவனித்தாள், டோரின் அந்தப் படம் இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டியே நின்றார். இந்த வீட்டில் அந்தக் கண்ணுக்குப் பயந்தது தான் மட்டுமில்லை.

"ஒருத்தரும் இல்லை அன்ரி" என்றாள். "மெஷின் தன்ர பாட்டுக்குக் கீறினது. அது ஒருத்தருமே இல்லை."

"உண்மையானது இருக்கோ?"

"இருக்கு. சின்னது. இவ்வளவுதான்." போனை எடுத்து, லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் போன அந்தப் படத்தைத் திறந்து கொடுத்தாள். டோரின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனை உள்ளங்கையில் ஏந்தி, வெகுநேரம் பார்த்தார். கைகளைப் பார்த்தார். விரலால் தொட்டு எண்ணினார் போலிருந்தது. பிறகு இன்னும் கிட்டக் கொண்டுபோய் அந்த நகக்கண் அளவு முகத்தைப் பார்த்தார்.

"மூடித்தான் இருக்கிறார்" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. "அப்பாடா. மூடித்தான் இருக்கிறார்."

"தபால் அட்டை அளவுக்கு இதை வடிவா அடிச்சுத் தருவன் அன்ரி. அதுக்கு மேல வராது."

"அது போதும். என்ர செபப் புத்தகத்துக்குள்ள வைக்க அது போதும்."

வெளியே செபமாலை முடிந்தது. டோரின் முகத்தைத் துடைத்துவிட்டுக் கறிச் சட்டியின் மூடியைத் திறந்தார்.

"நான் போய்ச் சொல்லட்டுமோ அன்ரி?" என்றாள் பிறிஜெற். "எல்லாருக்கும் முன்னால சொல்லிறன். டிலான் அடிச்சாலும் பரவாயில்லை."

"ஃபாதர் வருவார். வந்தா நானே சொல்லுவன். பொய்யை வைச்சுக்கொண்டு செபமாலை சொல்லேலாது. நீ பக்கத்தில நிண்டா போதும்." டோரின் கோழிக்கறியைக் கிண்ணத்தில் அள்ளினார். "ஆனா ஃபாதர் வர இன்னும் அரை மணித்தியாலம் எடுக்கும். அதுக்குள்ள அவங்கள் ரெண்டு பேரும் ஒரு மேசையில இருந்து சாப்பிடட்டும். இந்தா, இதைக் கொண்டுபோய் வை."

பிறிஜெற் கிண்ணத்தையும் அகப்பையையும் வாங்கினாள். கறி ஓரத்தில் தளும்பி விரலைச் சுட்டது. கூடத்தில் சனம் விலகிவிட்டிருந்தது. சுவருக்குக் கீழே போட்ட மேசையில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகள் எதிரெதிரே இருந்தன. கொன்ஸ்ரன்ரைன் தலைக்கவசத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, போவதா இருப்பதா என்று தெரியாமல் கதிரை நுனியில் இருந்தான். மேலே அந்தக் கண் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடியே போய், கிட்ட இருந்த டிலானின் கோப்பைக்கு அகப்பையை நீட்டினாள்.

டிலான் கையால் கோப்பையை மூடினான். அவள் அகப்பையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"எனக்குப் பிறகு வையுங்கோ அக்கா" என்றான். "அண்ணைக்கு முதல் வையுங்கோ."

கொன்ஸ்ரன்ரைன் தலைக்கவசத்தைக் கீழே வைத்துவிட்டு, கோப்பையை இழுத்து முன்னால் வைத்தான். பிறிஜெற் திரும்பிப் பார்த்தாள். குசினிக் கதவில் டோரின் அவளுடைய போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார், வாசல் பக்கம் ஃபாதர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு.